காஞ்சி அறிஞரும் கூட்டாட்சி நெறியும்

தோற்றுவாய்

தென்பெண்ணையாற்றங்கரையில், கல்வராயன் மலைக்கு வடகீழ்த் திசையில் அமைந்தது மூங்கில்துறைப்பட்டு. கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சார்ந்த அவ்வூரின் பெயரைக் கேட்ட அளவில் அப்பக்கத்து மக்களுக்கு முதற்கண் நினைவிற்கு வருவது ஆங்குள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலையே. அரவைப் பருவத்தில் கரும்பு சுமந்த வண்டிகள் ஆலை வாயிலில் அணிவகுத்து நிற்க, உழவர் தத்தம் முறையை நோக்கிக் காத்திருப்பர். எம் கல்லூரி மாணவருள்ளும் இத்தகைய உழவர் குடியிற் பிறந்தோர் பலர்.

அவ்வாயிலில் நிற்கும் ஓர் உழவர் எத்தனை அரசுகளின் ஆணைக்கு உட்பட்டவர் என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். அவர் உறுப்பினராய் உள்ள கூட்டுறவுச் சங்கம் மாநிலச் சட்டத்தின்கீழ் நடப்பது. ஆயினும் சர்க்கரைத் தொழிலை ஒழுங்குசெய்யும் அதிகாரம், 1951 ஆம் ஆண்டுத் தொழில் சட்டத்தால் நடுவண் அரசின்பாற் சென்றது. கரும்பிற்குத் தரவேண்டிய குறைந்த விலையை 1966 ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டு ஆணையின்படி நடுவண் அரசு குறிக்கின்றது. அவ்விலைக்கு மேலும் கூட்டி வரையறுக்க மாநிலத்திற்கு உரிமை உண்டென 2004 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இனி நீரைப் பற்றிக் கூறின், ஆற்றின் மேற்போக்கில் 1958 இல் எழுந்த சாத்தனூர் அணை தமிழ்நாட்டினது. அவ்வணைக்கு வரும் நீரோ கருநாடகத்து நந்திமலைப் பக்கத்திற் பிறந்து வருவது. சென்னை மாகாணமும் மைசூர்ச் சமத்தானமும் 1892 இல் செய்துகொண்ட உடன்படிக்கையைச் சுட்டி, இந்த ஆற்றைக் குறித்து 2018 இல் தமிழ்நாடு உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆற்றின் வழக்கைத் தீர்க்க நடுவர் மன்றம் அமைக்கும் அதிகாரமோ நடுவண் அரசினது. இங்ஙனம் ஒரு காணி நிலத்தின்மீது இரண்டு அரசுகளின் நிழல் படிகின்றது.

இவ்விரண்டு அரசுகளுக்கும் இடையே அதிகாரத்தை எவ்வளவிற் பகுத்தல் தகும்? பரந்த நாடொன்று சிதறாமலும், அதன் உறுப்புக்கள் வாடாமலும் இருத்தற்கு வழி யாது? இவ்வினாவோடு வாழ்நாள் முழுவதும் மல்லாடிய தமிழர் ஒருவர் உண்டு. அவரே அறிஞர் அண்ணாதுரை. அவருடைய நாடகங்களையும் நாவன்மையையும் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். யாம் இக்கட்டுரையில் அவர்தம் வாழ்க்கையை இவ்வொரு வினாவைத் தொடர்ந்து மட்டும் காண விழைகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

அண்ணாதுரை 1909 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15 ஆம் நாள் காஞ்சிபுரத்தில் நடராசனார்க்கும் பங்காரு அம்மையார்க்கும் மகனாய்ப் பிறந்தார். குடும்பம் எளிய நெசவாளர் குடும்பம். சிற்றன்னையார் இராசாமணி அம்மையாரின் அரவணைப்பில் வளர்ந்தார். காஞ்சியில் பச்சையப்பன் பள்ளியிற் பயின்றபின், சில காலம் நகராட்சியில் எழுத்தராய்ப் பணிசெய்து, பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். பொருளியலும் அரசியலும் அவர் விரும்பிக் கற்ற துறைகள். 1934 இல் சிறப்பு நிலைப் பட்டம் பெற்றார். அரசாங்கங்கள் வரி தண்டுவதும், செலவிடுவதும், தம்முள் அதிகாரத்தைப் பங்கிடுவதும் அவர் கல்லூரி நாளிலேயே பாடமாகப் படித்தவை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். பிற்காலத்து அவர் மேடைகளில் இப்பொருள்களைப் பாமரர்க்கும் விளங்க எடுத்துரைத்தமைக்கு இக்கல்வி அடிநிலையாயிற்று.

பட்டம் பெற்ற ஆண்டிலேயே திருப்பூரில் பெரியார் ஈ. வெ. இராமசாமியைச் சந்தித்தார். அச்சந்திப்பு அவர் வாழ்க்கைப் போக்கையே மாற்றிற்று. நீதிக் கட்சியிலும் தன்மதிப்பு இயக்கத்திலும் ஈடுபட்டு, இதழ்களில் எழுதலானார். சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டபோது அதனை எதிர்த்து 1938 இல் சிறை புகுந்தார். தொலைவிலுள்ள மக்களின் மொழியொன்று ஓர் ஆணையினால் தம் ஊர்ப் பள்ளிக்குள் நுழைதல் முறையோ என்னும் கேள்வி அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது அக்காலத்திலேயாம்.

பிரிவினை வேட்கை

1942 இல் தாம் தொடங்கிய வார இதழுக்கு அவர் சூட்டிய பெயர் திராவிட நாடு என்பது. அப்பெயரே அவருடைய அந்நாளைய குறிக்கோளைப் புலப்படுத்தும். தென்னகம் தனி நாடாதல் வேண்டும் என்பதே அது. 1944 இல் சேலத்தில் நடந்த மாநாட்டில் நீதிக் கட்சி திராவிடர் கழகம் எனப் பெயர் மாறியது; அம்மாற்றத்திற்கு உரிய தீர்மானங்களை முன்னின்று நிறைவேற்றியவர் அண்ணாதுரையே.

அந்நாளில் இந்தியப் பெருநிலத்தின் அரசியலமைப்பு எங்ஙனம் அமையும் என்பது முடிவாகாதிருந்தது. 1946 இல் வந்த பிரிட்டிஷ் அமைச்சர் குழுவினர், பாதுகாப்பு, அயலுறவு, போக்குவரத்துத் தொடர்பு ஆகியவற்றை மட்டும் நடுவண் அரசிற்கு ஒதுக்கி, எஞ்சியவற்றை மாகாணங்களுக்கே விடும் திட்டத்தை முன்வைத்தனர். அடுத்த ஆண்டு பிரிவினை நேர்ந்தது. குருதி வெள்ளமும் அகதிகளின் கூட்டமும் கண்ட அரசியல் நிருணய சபையார், நடு வலிமையுடையதாதல் வேண்டும் எனத் துணிந்தனர். அதனால் 1950 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் நடுவண் பட்டியலில் 97 இனங்களும், மாநிலப் பட்டியலில் 66 இனங்களும், பொதுப் பட்டியலில் 47 இனங்களும் இடம்பெற்றன. எப்பட்டியலிலும் சேராத அதிகாரமும் நடுவிற்கே உரியதாயிற்று. மாநிலங்களின் எல்லையையும் பெயரையும் மாற்றும் உரிமை பாராளுமன்றத்திற்கு உரித்தானது. அன்று அச்சம் சூழ்ந்திருந்த நிலையில் அவர்கள் அவ்வாறு துணிந்ததைக் குறைகூறல் எளிதன்று. ஆயினும், இடர்க்காலத்துக்கென வகுத்த ஏற்பாடு அமைதிக் காலத்திலும் அவ்வண்ணமே நிற்றல் வேண்டுமோ என்னும் ஐயம் அன்றே தோன்றி இன்றும் நிலவுவதாகும்.

1947 ஆகஸ்டு 15 ஆம் நாளைத் துக்கநாள் எனப் பெரியார் கருதியபோது, அயலார் ஆட்சி நீங்கிய நாள் மகிழ்ச்சிக்கு உரியதே என அண்ணாதுரை வெளிப்படையாய் மாறுபட்டு எழுதினார். பிரிவினை கேட்டவரேயாயினும் நாட்டின் விடுதலையைத் தமதெனக் கொண்டாடிய அவ்வுள்ளப் பாங்கு, பிற்கால மாற்றத்திற்கு ஒரு முன்னறிகுறி என்பது எம் துணிபு. 1949 செப்டம்பர் 17 இல் அவர் தம் தோழருடன் பிரிந்து திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தோற்றுவித்தார்.

தில்லி மன்றில்

புதுக் கழகம் 1957 இல் முதன்முறையாகத் தேர்தலில் இறங்கியது. சட்டமன்றத்திற் பதினைந்து இடங்கள் கிடைத்தன. காஞ்சியிலிருந்து அண்ணாதுரையும் உறுப்பினரானார். 1962 இல் கழகம் ஐம்பது இடங்களைப் பெற்றது. ஆனால் தலைவரோ தம் சொந்த ஊரிலேயே தோற்றார். அத்தோல்வி அவரைத் தில்லிக்கு அனுப்பிற்று. மாநிலங்களவை உறுப்பினராய் அவ்வாண்டு மே மாதத்தில் தமது முதற் பேச்சை நிகழ்த்தினார். தென்னகத்தின் தன்னாட்சி உரிமையை அவர் அவ்வவையிலே தயங்காது எடுத்துரைத்தார். ஒன்றியத்தினின்று பிரிதல் வேண்டும் என்று வாதிக்கும் ஒருவரை, ஒன்றியத்தின் பாராளுமன்றமே இடையூறின்றிப் பேசவிட்டது என்பதை மாணவர் கருதிப் பார்த்தல் நன்று.

அவ்வாண்டு அக்டோபரில் சீனப் படை எல்லையைக் கடந்தது. விலைவாசிப் போராட்டத்தில் ஈடுபட்டு வேலூர்ச் சிறையிலிருந்து அப்பொழுதே விடுதலையாகி வந்த அண்ணாதுரை, பிரிவினைப் பேச்சை ஒதுக்கிவைத்து நாட்டின் பாதுகாப்பிற்குத் துணைநிற்குமாறு தம் கழகத்தாரைப் பணித்தார். வீடு இருந்தாலன்றோ ஓட்டைப் பற்றிப் பேசலாகும் என்னும் கருத்தினர் அவர். அடுத்து, பிரிவினை கோருவோர் தேர்தலில் நிற்றலைத் தடுக்கும் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. மாநிலங்களவையில் அதனை எதிர்த்து வாதாடினார். 1963 அக்டோபரில் அது சட்டமாயிற்று. அவ்வாண்டிலேயே கழகம் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது.

இதனை அச்சத்தால் நேர்ந்த பின்வாங்கல் என்பாரும், அறிவால் நேர்ந்த முதிர்ச்சி என்பாரும் உளர். இரண்டிலும் உண்மை உண்டு என்பது எம் கருத்து. சட்டத்தின் நெருக்கடி இருந்தது, மறுத்தற்கில்லை. 1953 இல் ஆந்திரமும், 1956 இல் மொழிவழி மாநிலங்களும் அமைந்தபின், நான்கு மொழியினரும் ஒருங்கே வாழும் திராவிட நாடு என்னும் கனவிற்கு அண்டை மாநிலங்களில் ஆதரவு இல்லாது போயிற்று, இதுவும் மெய்யே. ஆனால் கோரிக்கையை விட்டபோதும் அதற்கான காரணங்களை அவர் விடவில்லை. பிரிவினைக்கு எவை காரணங்களோ அவை அவ்வண்ணமே உள்ளன என்பதை ஒளியாது உரைத்து, அவற்றை ஒன்றியத்தின் உள்ளேயே தீர்க்க வழிதேடினார். அவ்வழியே மாநிலத் தன்னாட்சி. அதாவது நடுவண் அரசிற்கு நாட்டைக் காக்கப் போதிய வலிமையும், மாநில அரசிற்கு மக்களை வாழவைக்கப் போதிய வலிமையும் இருத்தல். மேடையில் முழங்கிய பெருங் கோரிக்கையைத் தொண்டர் முன்னிலையில் திரும்பப் பெறுதல் எந்தத் தலைவர்க்கும் எளிய செயலன்று. அவர் அதனைச் செய்தும் கழகம் உடையவில்லை.

மொழிச் சிக்கலில் அவர் இளகவில்லை. அரசியலமைப்பின் ஆட்சிமொழிப் பகுதியைக் கொளுத்தும் போராட்டத்தை 1963 இறுதியில் தொடங்கிச் சிறைத்தண்டனை பெற்றார். 1965 சனவரி 26 இல் இந்தி ஆட்சிமொழியாகும் நாள் வந்தபோது, தமிழகத்துக் கல்லூரி மாணவர் கிளர்ந்தெழுந்தனர். உயிர்கள் பல மாண்டன. அதன்பின் நடுவண் அரசு உறுதிமொழி தந்தது. இந்தியை ஏற்காத மாநிலங்கள் இசையும் வரை ஆங்கிலமும் தொடரும் என்பது 1967 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் நிலைபெற்றது. பேரரசு ஒருபடி இறங்கிவந்தமையால் நாட்டின் ஒருமை குலையவில்லை. வலுத்தது என்றே கூறல் வேண்டும்.

ஆட்சிப் பொறுப்பு

1967 பொதுத்தேர்தலில் அண்ணாதுரை தென்சென்னையிலிருந்து மக்களவைக்கே போட்டியிட்டு வென்றார். சட்டமன்றத்திற் கழகம் அறுதிப் பெரும்பான்மை பெறவே, தில்லிப் பதவியைத் துறந்து, மாநில மேலவை உறுப்பினராகி, மார்ச்சு 6 ஆம் நாள் முதலமைச்சராய்ப் பொறுப்பேற்றார். இருபத்து மூன்று திங்களே அவர் ஆட்சி நீடித்தது. அச்சிறு காலத்தில், ஏட்டிற் படித்த அதிகாரப் பங்கீட்டை அவர் நாள்தோறும் நேரிற் கண்டார்.

மூன்று நிகழ்ச்சிகளைச் சுட்டுதல் போதும். முதலாவது, அரிசி. ரூபாய்க்கு மூன்று படி என்பதைக் குறிக்கோளாகவும், ஒரு படி என்பதை உறுதியாகவும் தேர்தலில் சொல்லியிருந்தார். சென்னையிலும் கோவையிலும் ஒரு படி வழங்கத் தொடங்கினார். மாநிலம் முழுவதற்கும் விரிக்கப் பொருள் இல்லை. பசித்தவர் நேரே வந்து கேட்பது மாநில அரசை. மிகுதியான வரி சென்று சேர்வதோ நடுவண் கருவூலத்தை. தேர்தல் வாக்குறுதியைத் தம் வருவாயை எண்ணாது தந்தார் என்று அவரைக் குறைகூறுவாரும் இருந்தனர். அக்குறையும் முற்றிலும் தவறன்று.

இரண்டாவது, இரும்பு. கல்வராயன் மலைக்கு மேற்கே சேலத்துக் கஞ்சமலையில் இரும்புத் தாது உண்டு. ஆங்கு உருக்காலை எழுப்பத் தில்லியின் இசைவு வேண்டும். அதன்பொருட்டும் சேதுக் கால்வாயின் பொருட்டும் 1967 சூலையில் முதலமைச்சரே எழுச்சி நாள் நடத்தினார். ஓர் அரசு தன் மண்ணிலுள்ள பொருளைப் பயன்படுத்த மற்றோர் அரசை நோக்கிப் பேரணி நடத்த நேர்ந்த நிலைமை ஈண்டுக் கருதத்தக்கது. அவ்வாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது அவர் மறைந்த பின்னர், 1970 இல்.

மூன்றாவது, பெயர். சென்னை மாகாணம் என்னும் பெயரை மாற்றித் தமிழ்நாடு எனச் சூட்டல் வேண்டும் என்று வேண்டி, விருதுநகரில் சங்கரலிங்கனார் பட்டினி கிடந்து 1956 இல் உயிர் துறந்தார். 1967 சூலை 18 இல் சட்டமன்றம் அப்பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. ஆயினும் தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்ளும் அதிகாரம் மாநிலத்திற்கு இல்லை. பாராளுமன்றம் 1968 இல் சட்டம் இயற்ற, 1969 சனவரி 14 ஆம் நாளாகிய பொங்கல் நன்னாளில் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. இம்மூன்றாவது நிகழ்ச்சியில் இரு அரசுகளும் ஒத்து நின்றன. மாநிலம் முறைப்படி கேட்டது; பாராளுமன்றம் மறுக்காது தந்தது. கூட்டாட்சி செம்மையாய் நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அதனை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

1968 சனவரியில் தமிழும் ஆங்கிலமும் ஆகிய இருமொழிக் கொள்கையைச் சட்டமன்றம் ஏற்றது. தேசிய மாணவர் படையின் ஆணைச் சொற்கள் இந்தியில் இருத்தலாகாது என்பதும் அத்தீர்மானத்துட் சேர்ந்தது. அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகம் அவரைச் சிறப்பு விருந்தினராய் அழைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் புற்றுநோய்க்காக நியூயார்க்கில் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். நோயின் இடையே, 1969 பொங்கலை ஒட்டித் தம் இதழில் எழுதிய இறுதிக் கட்டுரைகளுள் ஒன்று கூட்டாட்சியைப் பற்றியதே. தாளில் கூட்டாட்சியாகவும், நடைமுறையில் நாளுக்கு நாள் ஒற்றையாட்சியாகவும் மாறிவரும் அமைப்பில் முதலமைச்சராய் இருத்தல் தமக்கு மகிழ்ச்சி தரவில்லை என்ற கருத்தை அதிற் புலப்படுத்தினார். 1969 பிப்ரவரி 3 ஆம் நாள் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு அகவை ஐம்பத்தொன்பது.

ஈழத்து ஒப்பு

அண்ணாதுரையின் மாற்றத்தினது அருமையை உணர, பாக்கு நீரிணைக்கு அப்பால் ஒருகால் நோக்குதல் வேண்டும். அவர் கழகம் தோன்றிய அதே 1949 ஆம் ஆண்டில் இலங்கையில் தமிழரசுக் கட்சி தோன்றியது. அதன் தலைவர் செல்வநாயகம் மிஷன் பள்ளிகளிற் கற்றவர். மென்மையாய்ப் பேசும் வழக்கறிஞர். அவர் தொடக்கத்திற் கேட்டது பிரிவினை அன்று; ஒரே இலங்கைக்குள் கூட்டாட்சி. 1956 இல் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி எனச் சட்டம் வந்தது. 1957 இல் தலைமை அமைச்சர் பண்டாரநாயக்காவோடு வட்டார சபைகளுக்கு அதிகாரம் அளிக்கும் ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்டார்; அது மறு ஆண்டே கிழிக்கப்பட்டது. 1965 இல் செய்த மற்றோர் ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. இறுதியில் 1976 இல் வட்டுக்கோட்டையில் கூடிய மாநாடு தனி நாட்டைக் கோரிற்று. அதன்பின் அத்தீவு பட்ட துன்பம் உலகறிந்தது.

காஞ்சியார் பிரிவினையிலிருந்து கூட்டாட்சிக்கு வந்தார். செல்வநாயகம் கூட்டாட்சியிலிருந்து பிரிவினைக்குத் தள்ளப்பட்டார். இருவரும் தமிழர், இருவரும் வன்முறையை வெறுத்தவர். இங்குத் தேர்தல் வழியும், பாராளுமன்ற மேடையும், மொழிவழி மாநிலமும், தந்த வாக்கைச் சட்டமாக்கும் மரபும் குறைபாடுகளோடேனும் இருந்தன. அங்கு அவை ஒவ்வொன்றாய் அடைக்கப்பட்டன. பெருநாடு ஒன்று தன் உறுப்புக்களுக்கு இடம் விடுவதனால் வலிமை பெறுகின்றது என்பதே இவ்விரு வாழ்க்கைகளையும் அருகருகே வைத்துப் படிப்பதால் யாம் பெறும் பாடம்.

முடிவுரை

அண்ணாதுரை மறைந்த அவ்வாண்டு செப்டம்பரிலேயே தமிழ்நாட்டு அரசு நீதிபதி இராசமன்னார் தலைமையில் மூவர் குழுவொன்றை அமைத்தது. அவர் முன்னரே நடுவண் அரசின் நான்காவது நிதிக் குழுவிற்கும் தலைமை தாங்கியவர். ஆதலின் இரு தட்டின் எடையையும் அறிந்தவர். அக்குழுவின் அறிக்கை 1971 இல் வந்தது. 1983 இல் நடுவண் அரசே நீதிபதி சர்க்காரியா தலைமையில் ஒரு குழுவை நிறுவிற்று. மாநில ஆட்சிகளை எளிதிற் கலைக்கும் வழக்கத்தை 1994 இல் பொம்மை வழக்கின் தீர்ப்பு பெரிதும் கட்டுப்படுத்திற்று. ஒருபுறம் இங்ஙனம் இடம் விரிய, மறுபுறம் சுருங்கியதும் உண்டு. கல்வியும் காடும் 1976 இல் நிகழ்ந்த நாற்பத்திரண்டாவது திருத்தத்தால் மாநிலப் பட்டியலினின்று பொதுப் பட்டியலுக்குச் சென்றன. எம் கல்லூரியின் பாடமும், கல்வராயன் மலையின் மரமும் ஒரே நாளில் இடம்பெயர்ந்தன எனலாம்.

இத்துலாக்கோலை ஒருமுறை நிறுத்திவிட்டு உறங்குதல் இயலாது. போரும் பஞ்சமும் வருங்கால் நடுவின் தட்டு தாழும், தாழ்தலும் வேண்டும். அவை நீங்கியபின் அதனை மீளச் சமனாக்கக் கேட்பவர் வேண்டும். கேட்பவர் நயமாகவும் விடாமலும் கேட்டல் வேண்டும். கேட்கப்படுபவர் அதனைப் பகையெனக் கொள்ளாதிருத்தல் வேண்டும். அண்ணாதுரையின் வாழ்க்கை முற்பாதியிற் பெருங் கேள்வியாகவும், பிற்பாதியில் அளந்த கேள்வியாகவும் அமைந்தது. பிற்பாதியே நிலைத்த பயனைத் தந்தது என்பது எம் முடிபு.

மூங்கில்துறைப்பட்டு ஆலை வாயிலில் நிற்கும் உழவர் இக்குழுக்களின் பெயர்களை அறிந்திரார். ஆனால் கரும்பின் விலை எவ்வளவு, அதனைத் தருபவர் யார், ஆற்றில் நீர் எப்போது வரும் என்பவற்றை அவர் நன்கு கேட்பார். அவ்வினாக்களுக்கு எந்த அரசை நோக்கி விடை கேட்பது என்பதை அவருக்குத் தெளிவாய்ச் சொல்லும் கடமை, அவர் பிள்ளைகளாய் இங்கு வந்து அரசியலும் பொருளியலும் கற்கும் மாணவர்களைச் சாரும். காஞ்சி நெசவாளர் வீட்டு மாணவர் ஒருவர் தாம் கற்றதை அவ்வாறே பயன்படுத்தினார். நம் மாணவரும் அங்ஙனமே செய்வாராக.